கணைக்கால் எலும்புக்கு ஒரு போர்வை

முதலில் ஒரு சின்ன வேலை. முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத்தை விரலால் அழுத்தித் தடவிப் பாருங்கள். கெட்டியாக எலும்பு தட்டுப்படுகிறதா? அதற்கு மேலே என்ன இருக்கிறது? தோல். அவ்வளவுதான். தொடையில் இப்படி எலும்பைத் தேடினால் கிடைக்காது, சதை மூடியிருக்கும். கணைக்காலில் மட்டும் எலும்பின் உட்பக்கம் முழுவதும் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தோலுக்கு அடியிலேயே படுத்திருக்கிறது. இருட்டில் கட்டில் சட்டத்தில் இடித்துக்கொண்டால் உயிர் போய் உயிர் வருவது இதனால்தான்.

கட்டிலில் இடித்தால் பரவாயில்லை. பைக்கிலிருந்து விழுந்தால்?

என் சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஆனது. லாரியும் இல்லை, பஸ்ஸும் இல்லை. ரோட்டில் கிடந்த மணலில் சறுக்கித் தானே விழுந்தார். கணைக்கால் எலும்பு முறிந்து, கணுக்காலுக்கு நாலு விரல் மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போய்விட்டது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. வெளியிலிருந்து கம்பிகளைக் குத்தி ஒரு சட்டம் மாட்டி எலும்பை நிறுத்தி வைத்தார்கள். மூன்றாம் நாள் டாக்டர் வந்து, "எலும்பு சேர்றதெல்லாம் அப்புறம்மா. முதல்ல அதை மூடணும். ஃப்ளாப் போடப்போறோம்" என்றார்.

"தொடையிலேர்ந்து தோல் எடுத்து ஒட்டுவாங்களே, அதுவா டாக்டர்?" என்று சித்தி கேட்டார்.

"அது எலும்பு மேல ஒட்டாதும்மா."

சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்துச் சித்தப்பாவின் கெண்டைக்கால் பின்புறத்தில் ஒரு நீள்வட்டம் வரைந்தார். அதை அப்படியே கிளப்பிக் கீழே திருப்பி வைப்பார்களாம். நான் படிப்பது பொறியியல். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தொடைத் தோல் ஒட்டாத இடத்தில் கெண்டைக்கால் தோல் மட்டும் எப்படி ஒட்டும்? ஒரு பக்கத்தை வெட்டி இன்னொரு பக்கத்தில் வைத்தால் அது ஏன் அழுகிப் போகவில்லை? கேட்பதற்குள் டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அதன்பிறகு நூலகத்திலும் நெட்டிலும் தேடிப் படித்ததில் கிடைத்ததுதான் இந்தக் கதை. மருத்துவ மாணவர்கள் யாராவது படித்தால், தவறு இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

முதலில் சித்தியின் கேள்வி. தொடையிலிருந்து மெல்லியதாகத் தோலைச் சீவி எடுத்து ஒட்டுவது நாற்றைப் பிடுங்கி நடுவது மாதிரி. வேரறுந்து வருகிறது. போய்ச் சேரும் இடத்தில் ஈரம் இருந்தால், அதாவது ரத்த ஓட்டம் இருந்தால், பிடித்துக்கொள்ளும். சதை மேல் பிடிக்கும். மேல்சவ்வு உரிந்துபோன எலும்பு வெறும் பாறை, அதில் பிடிக்காது. பாரிஸில் ரெவர்டின் 1869-இல் தோல் துணுக்குகளை ஒட்டிக் காட்டிய நாளிலிருந்து இன்றுவரை இந்த வரம்பு மாறவில்லை.

ஃப்ளாப் வேறு. மல்லிகைக் கொடியில் பதியம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கிளையை வெட்டாமல் வளைத்து மண்ணுக்குள் புதைப்பார்கள். வேர் விடும் வரைக்கும் தாய்ச்செடிதான் அதற்குச் சோறு போடும். ஃப்ளாப்பும் அப்படியே. தோலையும் அதன் அடியிலிருப்பதையும் மூன்று பக்கம் வெட்டிக் கிளப்பி, நான்காவது பக்கத்தைத் தாய்ச்செடியோடு விட்டுவைப்பது. தமிழில் 'மடல்' என்று சொல்லலாம் என நினைக்கிறேன் (கடிதம் இல்லை, வாழை மடல்!).

மடல் நம் ஊருக்குப் பழைய விஷயம். அறுந்த மூக்கைக் கன்னத்துத் தோலால் சீராக்கும் முறை சுஸ்ருத சம்ஹிதையில் இருக்கிறது. ஆங்கிலேயப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவரை திப்புவின் ஆட்கள் பிடித்து மூக்கை அறுத்துவிட, புனே பக்கத்தில் ஒருவர் நெற்றித் தோலை இறக்கிப் புது மூக்கு வைத்த செய்தி 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு வந்தது. அதைப் படித்துத்தான் கார்ப்யூ என்ற லண்டன் மருத்துவர் 1814-இல் தானும் செய்து பார்த்தார். இந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. நான் இங்கே இழுத்து வந்ததற்குக் காரணம் அந்த நெற்றி மடலின் வடிவம். ஒடுக்கமாக, நீளமாக இருக்கும். புருவத்துக்கு நடுவே ஒரு சின்னக் காம்புதான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். இருந்தும் சாகாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

காலுக்கு வருவோம். நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ என்ற ஊரில் இருந்த ஃபிராங்க் ஹாமில்டன், ஆறாத பழைய கால்புண்ணை மூட 1854-இல் ஒரு வழியை எழுதி வெளியிட்டார். நோயாளியின் மற்றொரு காலின் கெண்டைப் பகுதியிலிருந்து மடலைக் கிளப்பிப் புண்ணின் மேல் தைப்பது. பதியம் பிடிக்கும் வரை இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டி வைக்க வேண்டும். நூறு வருடத்துக்கு மேலாகியும் காலுக்கு இந்தக் 'குறுக்குக் கால்' முறைதான் பெரிய துணை. மூன்று வாரம் போல, இரண்டு காலும் மாவுக்கட்டில், ஒன்றின் மேல் ஒன்று. படுக்கையிலேயே எல்லாம். ஒரு காலில் அடிபட்டவருக்கு இரண்டு காலும் போன மாதிரி. வயதானவர்களுக்கு மூட்டு இறுகிப் போகும்.

முதல் உலகப்போரில் இன்னொரு வழி பிறந்தது. லண்டனில் ஹரால்ட் கில்லிஸும் ஒடெஸாவில் ஃபிலாட்டோவும், ஒருவர் செய்வது ஒருவருக்குத் தெரியாமல், ஏறக்குறைய ஒரே நேரத்தில் (1917 வாக்கில்) மடலின் இரு ஓரங்களையும் சேர்த்துத் தைத்துக் குழாயாக்கினார்கள். கைப்பிடி மாதிரி உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு முனையை அவிழ்த்து அடுத்த இடத்தில் தைத்து, அது பிடித்ததும் மறுமுனையை அவிழ்த்து... அட்டைப்பூச்சி நடப்பது போல உடம்பின் மேல் நடத்திக்கொண்டு போகலாம். வயிற்றுத் தோல் காலுக்கு வரவேண்டுமா? முதலில் வயிற்றிலிருந்து மணிக்கட்டுக்கு. சில வாரம் கழித்து மணிக்கட்டைக் கொண்டுபோய்க் காலோடு சேர்த்துக் கட்டி, அங்கிருந்து காலுக்கு. மாதக்கணக்கில் ஆகும். அபாரமான மூளைதான், சந்தேகமில்லை. ஆனால் உடைந்த எலும்பு அத்தனை மாதம் திறந்து கிடந்தால் சீழ் வைக்காதா? வைத்தது. காலை எடுக்கவும் நேர்ந்தது.

ஏன் இத்தனை சுற்று? பக்கத்திலேயே கெண்டைக்கால் முழுக்க நல்ல தோல் இருக்கிறதே, அதை எடுத்தால் என்ன?

எடுத்துப் பார்த்தார்கள். செத்தது. நுனி கறுத்து, காய்ந்து, மடல் எடுத்த இடத்திலும் புண், மூட வந்த இடத்திலும் புண். அதனால் ஒரு விதி உண்டானது: மடலின் நீளம் அதன் அகலத்துக்கு மேல் போகக்கூடாது. முகத்தில் கொஞ்சம் தாராளம் காட்டலாம், காலில் ஒன்றுக்கு ஒன்று. பொறியியல் மாணவனாக யோசித்துப் பாருங்கள், நான்கு அங்குல அகலத்துக்கு நான்கு அங்குல நீளம்தான் என்றால் அந்தச் சதுரத்தை எங்கே திருப்புவது? எங்கும் எட்டாது. ஆக, காலின் தோல் காலுக்கு உதவாது என்று முடிவானது. தலைமுறை தலைமுறையாக இதையே படித்தார்கள்.

இந்த விதி பொய் என்பதற்குச் சாட்சி அவர்கள் கண்ணெதிரிலேயே இருந்தது, அந்த நெற்றி மடல். அகலத்தைப் போல மூன்று மடங்கு நீளம் இருந்தும் பிழைத்தது. காரணம், காம்பு வழியாக ஒரு ரத்தக்குழாய் மடலின் நீளவாக்கில் ஓடுகிறது. அகலம் வேலை செய்யவில்லை, உள்ளே போகும் குழாய்தான் வேலை செய்தது. ஸ்டூவர்ட் மில்டன் என்பவர் பன்றிகளில் வெவ்வேறு அகலத்தில் மடல்கள் வெட்டிப் பார்த்து, ரத்த வரத்து ஒன்றாக இருந்தால் அகலத்தைக் கூட்டியும் பிழைக்கும் நீளம் கூடவில்லை என்று காட்டினார். அது 1970-இல்! கட்டுரைத் தலைப்பிலேயே அந்த நீள-அகலக் கணக்கைப் 'பிழை' என்று போட்டு உடைத்துவிட்டார்.

சரி, தோலுக்குப் போகும் குழாய்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று யாரும் தேடவில்லையா? தேடினார் ஒருவர். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த ஆள் இவர்தான். கார்ல் மான்ஷோ, ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழக மாணவர். ஆமாம், மாணவர்! பல்கலைக்கழகம் அறிவித்த ஒரு பரிசுப் போட்டிக்காக ஆறே மாதம் சடலங்களை அறுத்து, தோலுக்கு வரும் தமனிகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து, எந்தத் தமனி தோலின் எந்தப் பகுதியை ஊட்டுகிறது என்று உடம்பு முழுவதையும் சுமார் 40 பகுதிகளாகப் பிரித்து வரைபடம் போட்டார். புத்தகம் 1889-இல் வந்தது. எக்ஸ்ரே கண்டுபிடித்ததே 1895-இல்தான். கத்தியையும் கண்ணையும் மட்டும் வைத்துக்கொண்டு செய்த வேலை. (நாம் செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு என்ன செய்கிறோம் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.)

அந்தப் புத்தகம் கிட்டத்தட்ட மறக்கப்பட்டது. மார்செய்யில் மிஷேல் சால்மன் 1936-இல் மறுபடியும் செய்தார். அவர் சடலங்களின் தமனிகளில் ஈயக் கலவையைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, 80 பகுதிகள் என்று எண்ணினார். அதுவும் பிரெஞ்சு மொழியிலேயே தூங்கியது. மான்ஷோவுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு 1983-இல், சால்மனுக்கு 1988-இல். அறுவை மருத்துவர்களைக் குறை சொல்வது சுலபம். ஆனால் மான்ஷோ எழுதிய காலத்தில் அது யாருக்கும் தேவைப்படவில்லை, தேவைப்பட்ட காலத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை. பாதிக் குற்றம் மொழியுடையது என்பேன் நான்.

நடுவில், தோலை விட்டுவிட்டுச் சதையைப் பிடித்தவர்கள் இருவர். இரண்டாம் உலகப்போரில் எலும்பு முறிந்து சீழ் பிடித்துக் கிடந்த சிப்பாய்களுக்கு, பக்கத்துத் தசையையே திருப்பி எலும்புக் குழியில் அடைத்ததைப் பற்றி அமெரிக்கரான ஸ்டார்க் 1946-இல் எழுதினார். பெரிதாக எடுபடவில்லை. 1960-களில் தென்னாப்பிரிக்கர் ரால்ஃப் ஜெர் அதையே கணைக்காலுக்கு முறையாகக் கொண்டுவந்தார். தசையைத் திருப்பி எலும்பை மூடு, அதற்கு மேல் தொடைத் தோலை ஒட்டு. தசை ரத்தம் நிறைந்தது, ஆகவே நாற்று பிடிக்கும். கால் இப்போது மூன்று பங்காகப் பிரிந்தது. முழங்காலுக்கு அருகே என்றால் வெளிக் கெண்டைத் தசை. நடுவில் என்றால் அதற்கு அடியிலிருக்கும் இன்னொரு தசை. கடைசி மூன்றில் ஒரு பங்கு, கணுக்கால் பக்கம்? அங்கே தசைகள் முடிந்து வெறும் நரம்புக் கயிறுகளாகிவிடுகின்றன (நாம் பேச்சில் நரம்பு என்கிறோமே, உண்மையில் அவை தசைநாண்கள்). திருப்புவதற்கு ஒன்றும் இல்லை. சித்தப்பாவின் காயம் இருந்தது இந்த இடத்தில்தான்.

விடை 1981-இல் ஸ்வீடனிலிருந்து வந்தது. வீட்டில் மட்டன் கழுவும்போது கவனித்திருப்பீர்கள், சதையின் மேல் வெள்ளையாக, வழுவழுப்பாக ஒரு ஜவ்வு ஒட்டிக்கொண்டிருக்கும். ஃபேஷியா என்பது அதுதான். நம் காலிலும் தசைகளை இறுக்கமான சாக்ஸ் மாதிரி போர்த்தியிருக்கிறது. அதுவரை எல்லோரும் மடலைக் கிளப்பும்போது தோலையும் கொழுப்பையும் மட்டும் எடுத்து, இந்த ஜவ்வைத் தசையோடு விட்டுவிட்டார்கள். பெங்க்ட் பொன்டேன் ஒரு அடுக்கு ஆழமாக வெட்டினார். ஜவ்வையும் தோலோடு சேர்த்தே தூக்கினார். அகலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு நீளத்துக்குக் காலிலிருந்தே எடுத்த மடல்கள் பிழைத்தன. பார்த்தவர்கள் 'சூப்பர் ஃப்ளாப்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

என்ன மாயம்? ஒன்றுமில்லை. தமனிக் கிளைகள் தசைகளுக்கு இடையிலுள்ள சந்துகளின் வழியாக மேலே வந்து, ஜவ்வைத் துளைத்து, அதன் மேல் ஒரு வலையாகப் படர்கின்றன. அந்த வலையிலிருந்துதான் தோலுக்கு ரத்தம். முன்பு வெட்டியவர்கள் ஜவ்வுக்கு மேலாகக் கத்தியை ஓட்டி வலையையே கிழித்துவிட்டு, தோல் ஏன் சாகிறது என்று ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள். சடலங்களின் காலை ஆராய்ந்து, மடலை ஜவ்வுக்கு அடியில்தான் பிரிக்க வேண்டும் என்று ஹெர்ட்ஷ் என்பவரும் அதே 1981-இல், அதே பத்திரிகையில் எழுதினார். வித்தியாசம் ஒரு சில மில்லிமீட்டர். அந்தச் சில மில்லிமீட்டருக்காக எத்தனை பேர் இரண்டு காலையும் கட்டிக்கொண்டு படுத்திருந்தார்களோ.

அதன்பிறகு சடசடவென்று கதவுகள் திறந்தன. மும்பையில் ரவின் தத்தே 1982-இல் மடலின் மேல்தோலைச் சீவிவிட்டுப் புத்தகப் பக்கத்தைத் திருப்புவது போல் புண்ணின் மேல் கவிழ்த்தார். 1984-இல் தோலே இல்லாமல் ஜவ்வை மட்டும் பாய் சுருட்டுவது போல் உருட்டிக் காட்டினார். தோல் தன் இடத்திலேயே இருக்கும், பார்க்கவும் அசிங்கமாக இருக்காது. எனக்கு இது நிரம்பப் பிடித்தது, கையில் இருப்பதை வைத்து ஒப்பேற்றும் நம் ஊர்ப் புத்தி.

பொன்டேனின் மடலுக்குக் காம்பு மேலே, முழங்கால் பக்கம். கணுக்காலுக்கு எட்டவேண்டும் என்றால் காம்பு கீழே இருக்க வேண்டும், அதாவது ரத்தம் தலைகீழாக, கீழிருந்து மேலே ஓடவேண்டும். ஓடுமா? ஓடும் என்று 1983-இல் டோன்ஸ்கியும் ஃபோக்டெஸ்டாமும் காட்டினார்கள், அவர்களும் ஸ்வீடன்காரர்கள். 1992-இல் பிரெஞ்சுக்காரர் மாஸ்க்லே, கெண்டைக்கால் நடுவே தோலுக்கடியில் ஓடும் உணர்வு நரம்போடு கூடவே பொடிப்பொடியாகத் தமனிகள் வருகின்றன, அந்த நரம்பையே காம்பாக்கினால் தீவு மாதிரி ஒரு தோல்துண்டைக் கணுக்கால் வரை இறக்கலாம் என்றார். வெளிக் கணுக்கால் முட்டிக்குச் சுமார் 5 செ.மீ. மேலே, பக்கத்து எலும்பை ஒட்டி வரும் தமனியிலிருந்து ஒரு கிளை மேலே வருகிறது. அதற்குக் கீழே காம்பை வெட்டக்கூடாது. சித்தப்பாவின் காலில் டாக்டர் வரைந்த நீள்வட்டம் இந்த மடல்தான்!

நியாயமாகச் சொன்னால், இதற்கெல்லாம் போட்டியாக ஒரு பெரிய அண்ணன் உண்டு. மெல்போர்னில் டேனியலும் இயன் டெய்லரும் 1973-இல் இடுப்புப் பக்கத்துத் தோலை முழுசாக அறுத்தெடுத்துக் காலில் வைத்து, அதன் ரத்தக்குழாய்களை மைக்ராஸ்கோப் வைத்துக் காலின் குழாய்களோடு தைத்தார்கள். பெரிய காயங்களுக்கு அதுதான் வழி. ஆனால் அதற்கு மைக்ராஸ்கோப் வேண்டும், பழகிய கை வேண்டும், நடு ராத்திரியில் குழாய் அடைத்துக்கொண்டால் ஓடிவர ஆள் வேண்டும். பக்கத்துத் திசுவைத் திருப்புவதற்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. இதே டெய்லர்தான் 1987-இல் உடம்பை ரத்தக்குழாய் மண்டலங்களாகப் பிரித்து மறுபடி வரைபடம் போட்டார். சால்மனின் ஆங்கிலப் பதிப்பை வெளிக்கொண்டு வந்ததிலும் அவர் கை உண்டு. அந்த மாணவர் 1889-இல் ஆரம்பித்த வேலை அங்கே வந்து சேர்ந்தது.

அதற்கப்புறம் ஜப்பானில் ஹியாகுசோகு 1991-இல் மின்விசிறி இறக்கை போலச் சுழற்றும் மடலும், ஆஸ்திரேலியாவில் பெஹன் 2003-இல் வளைவுக் கல் வடிவ மடலும் கொண்டுவந்தார்கள். அதற்குள் நான் போகவில்லை. ஒன்று மட்டும். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை 2006-இல் வெளியிட்ட மதிப்பெண் முறை எலும்பு முறிந்து வெளியே தெரியும் கால்களுக்கானது. எலும்பு, தசை-நரம்பு என்று பார்ப்பதோடு, மூடும் தோலுக்கும் தனியே மதிப்பெண் போடுகிறார்கள். உலகம் முழுக்கப் பேசப்படுகிற முறை, நம் பக்கத்து ஊரிலிருந்து போயிருக்கிறது.

சித்தப்பா? அறுவை சிகிச்சைக்கு முன்னால் பென்சில் மாதிரி ஒரு டாப்ளர் கருவியைக் கணுக்காலுக்கு மேலே வைத்து நகர்த்தினார்கள். ஓர் இடத்தில் 'உஸ்... உஸ்...' என்று சத்தம் வந்தது. அந்த இடத்தில் பேனாவால் புள்ளி. அந்தக் குழாயை நம்பித்தான் மடல். இரண்டாம் நாள் அது நீலம் பாய்ந்து வீங்கியது. ரத்தம் உள்ளே போகிறது, திரும்பி வர வழி கிடைக்கவில்லை என்றார்கள். நாலைந்து தையலை அவிழ்த்துவிட்டுக் காலை உயரத் தூக்கி வைத்தார்கள். அன்று ராத்திரி சித்தி தூங்கவில்லை, டார்ச் அடித்து அடித்து நிறம் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் சிவப்பு திரும்பியது. ஓரத்தில் ஒரு விரல் அகலம் மட்டும் கறுத்து உதிர்ந்தது. கெண்டைக்காலில் மடல் எடுத்த பள்ளத்துக்கு, சித்தி முதலில் கேட்ட அந்தத் தொடைத் தோலையே ஒட்டினார்கள்.

இப்போது நடக்கிறார், லேசான சாய்வோடு. கெண்டைக்கால் முடி கணுக்காலுக்கு மேலே வளர்கிறது என்று எல்லோரிடமும் காட்டிச் சிரிக்கிறார். நரம்பைக் காம்புக்குக் கொடுத்துவிட்டதால் பாதத்தின் வெளி ஓரம் மரத்துப்போய்விட்டது. சுண்டுவிரலில் எறும்பு கடித்தாலும் தெரிவதில்லை. ராத்திரி படுக்கும் முன்னால் சித்தி இன்னமும் அந்த டார்ச்சை எடுத்து வந்து விரலிடுக்கைப் பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறார்.